வேலிக் கொடியில் கறுப்புப் பழம்: காட்டுத் திராட்சையா?

சாப்பிட வேண்டாம், பிள்ளைகளையும் பறிக்க விடாதீர்கள். அஞ்செட்டி பக்கம் வேலியில் படர்ந்த கொடி, சுருளும் பற்றுக்கம்பி இல்லை, இலைக்கணுவில் இரண்டு மூன்று கருநீலப் பழம் என்று எழுதியிருக்கிறீர்கள். திராட்சைக் கொடியில் இலைக்கு எதிர்ப்பக்கம் பற்றுக்கம்பி இருக்கும். உங்களுடையது பெரும்பாலும் கட்டுக்கொடி.

ஒரு பழத்தைக் கையில் பிதுக்கிப் பாருங்கள், நாக்கில் வைக்காதீர்கள். ஒரே கொட்டை, லாடம் போல வளைந்திருந்தால் கட்டுக்கொடி வகைதான். திராட்சையில் பெரும்பாலும் 2 முதல் 4 விதை, ஒரு முனை கூம்பியிருக்கும். இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்தும் வைக்கலாம். கட்டுக்கொடிச் சாறு கொஞ்ச நேரத்தில் கூழாக உறையும். மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட காக்காய்க்கொல்லி இதே குடும்பம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பற்றுக்கம்பி இருந்தாலே தின்னலாம் என்றும் நினைக்காதீர்கள். பிரண்டையும் திராட்சைக் குடும்பம்தான், பழம் வாயையும் தொண்டையையும் அரிக்கும். குருவி தின்கிறதே என்பது கணக்கில்லை.

யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையும் பழமுமாக ஒரு கிளையை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.