மயிற்கொன்றையின் அடியில் முளைக்கும் செந்நிறத் தட்டு

கேள்வி: எங்கள் வளவில் மதிலோரம் நிற்கும் பழைய மயிற்கொன்றையின் அடியில், அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான்கள் தட்டுத்தட்டாக முளைக்கின்றன. வெட்டி எறிந்தாலும் மழை பெய்ததும் திரும்ப வருகின்றன. இலைகள் செழிப்பாக இருப்பதால் வீட்டார் இதைப் பொருட்படுத்துவதில்லை. மரத்தைக் காப்பாற்ற மருந்து உண்டா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் கனோடெர்மா இனக் காளானாகவே இருக்க வேண்டும். வளரும் விளிம்பு வெண்மையாகவும், அடிப்புறம் நுண்துளைகள் நிறைந்தும், சுற்றிலும் கபிலநிறத் தூள் படிந்தும் இருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். வெளியே தெரியும் தட்டு வித்திகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. காளானின் உடல் நுண்ணிய இழைகளாக வேருக்குள்ளும் அடிமரத்துக்குள்ளும் பரவி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் செலுலோசையும் சிதைத்துக்கொண்டிருக்கிறது. தட்டு தோன்றும் வேளையில் உள்ளே அழுகல் பல ஆண்டுகள் முதிர்ந்திருக்கலாம் என்பதால், அதை வெட்டி எறிவதால் பயனில்லை.

இலையின் பசுமையை நம்புவதுதான் இங்கே ஆபத்து. மரத்தைத் தாங்கும் தடித்த வேர்கள் உளுத்துப்போன பின்னரும், எஞ்சிய வேர்களும் அடிமரத்தின் வெளிப்பகுதியும் நீரைக் கடத்தும் வரை கிளைகள் பச்சையாகவே இருக்கும். மே மாதமளவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி மண் ஊறிக் காற்றும் வலுக்கும்போது, அத்தகைய மரம் பச்சை இலையோடு அடியோடு சாய்ந்துவிடும். மதிலுக்கு அத்திவாரம் தோண்டுகையில் வெட்டுண்ட வேர்களின் வழியே காளான் நுழைந்திருக்கவும் கூடும். கொழும்பில் மதில் கட்டுவோர் வேரைப் பற்றிக் கவலைப்படுவது அரிது.

நோய் முற்றிய மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. அடிமரத்தை மரச்சுத்தியலால் தட்டுகையில் வெற்றோசை கேட்கிறதா, ஒருபுறம் மண் வெடித்து உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், மரம் வீட்டையோ வீதியையோ நோக்கிச் சாயக்கூடியதாயின், மரங்களைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒருவரை உடனே அழைப்பது நல்லது. இல்லாவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன் அழைக்கத்தான் வேண்டும்.

மரத்தை அகற்ற நேர்ந்தால் அடிக்கட்டையையும் பெரிய வேர்களையும் சேர்த்துத் தோண்டி எடுங்கள். அவற்றில் காளான் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். இறப்பர்த் தோட்டங்களில் வெண்வேர் நோயை உண்டாக்கும் ரிஜிடோபோரஸ் என்ற வேறொரு காளானும், மண்ணில் விடப்பட்ட பழைய கட்டைகளிலிருந்தே இளங்கன்றுகளுக்குப் பரவுகிறது. அந்த இடத்தில் தென்னம்பிள்ளை நட எண்ணியிருந்தால் கைவிடுங்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கவனத்துக்கு வந்த தென்னை வாடல் நோய்க்குக் காரணமும் கனோடெர்மாவே.