கறுப்பில் ஒரு றகரம்

கேள்வி: என் மகன் இரவு பகலாக ஹெட்போனில் சிம்பொனிக் பிளாக் மெற்றல் என்ற மேல்நாட்டு இசையைக் கேட்கிறான். எம்பரர் என்ற நோர்வேக் குழுவின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்' அல்பமாம். நானும் வாங்கிக் கேட்டேன், வெறும் காட்டுக்கத்தல். இந்தக் கருப்பு உலோகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: கருப்பு உலோகமா? அம்மா, கருப்பு என்றால் பஞ்சம். கரும்பு இன்னொரு சொல்லோடு சேரும்போதும் கருப்பாகும்: கருப்பஞ்சாறு. ஆகவே நீங்கள் கேட்டிருப்பது கரும்பு பிழியும் இரும்பு உருளையைப் பற்றி. அதன் சத்தமும் லேசுப்பட்டதல்ல. ஒரு துண்டு இஞ்சியைச் செருகினால் கிறீச்சென்று கத்தும், கடைசியில் ஒரு கிளாஸ் இனிப்பாவது மிஞ்சும். மகனிடம் சொல்லிப் பாருங்கள். சிரிக்க மாட்டான்.

நிறத்துக்கு றகரம்தான். இந்தச் சண்டையில் எங்கள் புரூவ் பார்ப்பவர் ஒருவர் கோபித்துக்கொண்டு வேலையையே விட்டார். இன்றைக்கும் தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார், "வாழ்த்துகிரேன்" என்று, வேண்டுமென்றே. தொல்காப்பியர் "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறார். முதலில் கோபம், நிறமெல்லாம் அடுத்த சூத்திரத்தில்தான். கறுவிக்கொண்டு திரிகிறான் என்கிறோமே, அந்தக் கறு. கறுப்பு ஜூலையை ரகரத்தில் எழுதிவரும் கட்டுரை என் மேசையைத் தாண்டாது.

சரி, றகரம் போட்டதும் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. அது வெகுளி. மீதி சிம்பொனி.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பெடியன் இருக்கிறான். இரவில் கூரைக்கு மேல் கடகடகடவென்று ஒரே சத்தம். தண்ணீர் மோட்டார் பழுதென்று இரண்டு தடவை காவலாளியை மேலே அனுப்பினேன். மூன்றாம் தடவை பெடியனே இறங்கி வந்து, "அங்கிள், மோட்டார் இல்லை" என்று இயர்போனை நீட்டினான். உங்கள் மகனின் அதே அல்பம். கொங்கிறீற்றைத் தாண்டி எனக்கு வந்ததெல்லாம் ட்ரம்ஸ் மட்டும். அதற்கு மேலே கீபோர்ட் ஒன்று அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாதஸ்வரம் ஒரு சுரத்தில் கார்வை பிடித்து நிற்க, கீழே தவில் பொரிந்து தள்ளுமே, அந்த இரட்டை வேகம். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலுக்காக விடியவிடியக் கோயில் வீதியில் குந்தியிருந்த பரம்பரை நாங்கள். இதைக் காட்டுக்கத்தல் என்று நாங்களே சொல்லலாமா?

எம்பரரின் அந்த அல்பத்தை 1993இல் நோர்வேயின் பேர்கன் நகரத்தில், இசையமைப்பாளர் கிரீக்கின் பெயரிலுள்ள மண்டபத்தில் பதிவு செய்தார்கள். சிம்பொனி வாசிக்கும் மண்டபம், ஆனால் அல்பத்தில் மருந்துக்கும் ஒரு வாத்தியக்குழு இல்லை. எல்லாம் கீபோர்ட். பாடிய இசானுக்கு அப்போது 17 வயது. பத்து வருடம் கழித்து டிம்மு போர்கிர் என்ற இன்னொரு நோர்வேக் குழு, பிராக் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவையே வைத்து ஓர் அல்பம் செய்தது. பெரிய இடத்துக் கல்யாணம் மாதிரி எல்லாம் இருந்தது, எனக்கு மட்டும் பசி அடங்கவில்லை. இல்லாத வயலின்களை நினைத்துக்கொண்டு ஒரு பெடியன் கீபோர்டை அழுத்துகிறானே, எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எம்பரர் குழுவின் ட்ரம்ஸ்காரர் கொலைக்கும், கிற்றார்காரர் ஒருவர் தேவாலயம் எரித்ததற்கும் சிறை போனவர்கள். வீடெரிந்த வாசனை தெரிந்த தெருவில் இருக்கிறவனுக்கு அது சில்லறை விஷயமல்ல. பாட்டை நிறுத்தச் சொல்லாமல், இதைப் பற்றியும் மகனோடு கதையுங்கள்.

அப்புறம், அந்த ஹெட்போன் என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். மேல்மாடிப் பெடியனுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.