வாசகர் கேள்விகள்: சபையும் கட்சியும்

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் ‘இவாஞ்சலிக்கல்’ என்ற சொல் ஓயாமல் அடிபடுகிறது. இவர்கள் தனிச் சபையினரா? நம் ஊர்ச் சபைகளில் இருப்பவர்களும் இவர்களும் ஒன்றா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தனிச் சபை அன்று. மனந்திரும்பி மறுபடியும் பிறந்தவரே கிறிஸ்தவர், வேதாகமமே இறுதி அதிகாரம், சிலுவையே மீட்பின் வழி, அந்த நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பது ஒவ்வொரு விசுவாசியின் கடமை என்று நம்புகிறவர்களை, அவர்கள் பாப்டிஸ்டாக இருந்தாலும் பெந்தெகொஸ்தேயாக இருந்தாலும், சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள் என்று அழைப்பது வழக்கம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் ஊரில் ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகிறவர்களில் பலர் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆனால் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் ‘இவாஞ்சலிக்கல் வாக்கு’ என்று சொல்லும்போது பெரும்பாலும் வெள்ளையரை மட்டுமே எண்ணுகின்றன. இதே விசுவாசத்தைக் கொண்டு, இதே வேதத்தை வாசிக்கிற கறுப்பினச் சபையார் மிகப் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். ஆகவே அந்த வாக்கை விசுவாசம் மட்டும் தீர்மானிக்கவில்லை. இனமும் தென்மாநிலங்களின் வரலாறும் அதில் கலந்திருக்கின்றன.

கேள்வி: கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பே இவர்களைக் குடியரசுக் கட்சியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று படித்தேன். அது உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: பாதி உண்மை. மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1971இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியபோது, வன்புணர்வு, நெருங்கிய இரத்த உறவினருக்குள் நேரும் தகாத உறவு, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ நேரக்கூடிய கேடு ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு உறுப்பினர்கள் பாடுபட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நீங்கள் குறிப்பிடும் தீர்ப்பு வந்த பிறகும், 1974இல், அதே தீர்மானத்தை மறுபடியும் உறுதிசெய்தது. கருக்கலைப்பு எதிர்ப்பு அந்நாளில் கத்தோலிக்கரின் அக்கறையாகவே கருதப்பட்டது.

பள்ளிகளின் வரிவிலக்குதான் போதகர்கள் பலரை முதலில் கொதிக்க வைத்தது. அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றங்கள் கட்டாயப்படுத்தியபோது, தென்மாநிலங்களில் வெள்ளையருக்கான தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் பெருகின. இனப்பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று அரசு பிடிவாதமாக நின்றது. தென் கரோலினாவிலுள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் அந்த விலக்கை இழந்தது. 1983இல் உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. வேற்றினத்தவரோடு காதல் கூடாது என்ற தன் விதியை அந்தப் பல்கலைக்கழகம் கைவிட்டது 2000இல்தான். இந்தச் சண்டையே சுவிசேஷகரைக் குடியரசுக் கட்சியின் பக்கம் திரட்டிய இயக்கத்தின் ஊற்று என்று அதன் அரசியல் சிற்பிகளில் ஒருவரான பால் வெய்ரிச்சே பின்னாளில் கூறினார். வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாதிரிமார் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த 1965இல், போதகரின் அழைப்பு அரசியல் அன்று, ஆத்தும ஆதாயமே என்று வர்ஜீனியாவிலுள்ள தம் சபையில் அவர் பிரசங்கித்தார். அதே மனிதர் 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஒரு பக்கம் நின்றவர் ஜிம்மி கார்ட்டர். மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்ன, ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்ட். மறுபக்கம் நின்றவர் ரொனால்ட் ரேகன். மணமுறிவு பெற்று மறுமணம் செய்த திரைப்பட நடிகர், கலிஃபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர். ஆகஸ்ட் மாதம் டாலஸில் போதகர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்த அரங்கில், நீங்கள் என்னை ஆதரித்து அறிவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்று ரேகன் சொன்னதும் அரங்கமே எழுந்தது. வெள்ளைச் சுவிசேஷக வாக்கில் பெரும்பகுதி அவருக்கே போனது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கம் எதுவாயினும், கருவிலிருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்ற பற்று பிற்பாடு பல லட்சம் பேரிடம் உண்மையாகவே வேரூன்றியது. பிரான்சிஸ் ஷேஃபர் போன்ற சுவிசேஷகச் சிந்தனையாளர்கள் ஊர் ஊராகச் சென்று பேசி அதை வளர்த்தார்கள். தனித்து விடப்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தொட்டிலும் துணியும் சேகரித்துக் கொடுக்கிற சபைப் பெண்களை வாக்கு வேட்டைக்காரர்கள் என்று சொல்வது அநியாயம்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சபையில் சில மூப்பர்கள், ‘விசுவாசியல்லாத பாரசீக ராஜா கோரேசைத் தேவன் பயன்படுத்தவில்லையா? டிரம்ப்பின் ஒழுக்கத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்?’ என்கிறார்கள். என்னால் அதை ஏற்கவும் முடியவில்லை, மறுத்துப் பேசவும் தெரியவில்லை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– டாலஸிலிருந்து ஒரு தமிழர்

பதில்: விசுவாசியல்லாத ஆட்சியாளரைக் கிறிஸ்தவர்கள் ஆதரிப்பதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். அதற்கு அருமையான முன்மாதிரி ஒன்று உங்கள் நாட்டிலேயே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செஷயர் என்ற சிற்றூரில் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். 1801 கோடையில் அவருடைய ஊரார் வீட்டுக்கு வீடு பால் கொண்டுவந்து சேர்த்து, நான்கு அடிக்கும் மேல் விட்டமும் 1,235 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 560 கிலோ, எடையும் உள்ள ஒரே பாலாடைக்கட்டியை உருவாக்கினார்கள். பனிச்சறுக்கு வண்டியிலும் படகிலுமாக அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், 1802 ஜனவரி 1 அன்று அதிபர் தாமஸ் ஜெஃபர்சனிடம் கொடுத்தார்கள். ஜெஃபர்சனோ இயேசுவின் தெய்வத்தன்மையை ஏற்காதவர். எதிரிகள் அவரை நாத்திகர் என்றே தூற்றினார்கள். அதே நாளில்தான், தங்களுக்கு மத சுதந்திரம் சலுகையாகத் தரப்படுகிறதேயன்றி உரிமையாக இல்லை என்று முறையிட்டிருந்த கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு, சபைக்கும் அரசுக்கும் இடையிலான பிரிவுச் சுவர் பற்றிய புகழ்பெற்ற மறுமொழியை அவர் எழுதினார்.

அந்த பாப்டிஸ்டுகள் வேறொரு சபைக்காக வரி கட்டியவர்கள்; வர்ஜீனியாவில் அவர்களுடைய போதகர்கள் பிரசங்கித்த குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தவர்கள். அவர்கள் அதிபரிடம் எதிர்பார்த்தது எல்லாருக்குமான சுதந்திரத்தை. 2016 ஜனவரியில் அயோவாவிலுள்ள டோர்ட் கல்லூரியில் பேசிய டிரம்ப், தாம் வந்தால் கிறிஸ்தவத்துக்கு அதிகாரம் கிடைக்கும், வேறு யாரும் தேவைப்படாது என்று வாக்களித்தார். கேட்கப்படுவது சுதந்திரமா அதிகாரமா என்பதை உங்கள் மூப்பர்களிடம் கேளுங்கள். கோரேசின் உதவியால் யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள். அவனுடைய நடத்தைக்கு நியாயம் கற்பிக்கும்படி எந்தத் தீர்க்கதரிசியும் அவர்களிடம் கேட்கவில்லை.

எனக்கு மனவேதனை தருவது அந்த நியாயம் கற்பித்தல்தான். கிளின்டனின் தகாத உறவு வெளியான 1998இல், தலைவர்களின் கொடிய தவறுகளைப் பொறுத்துக்கொள்வது சமுதாயத்தின் மனசாட்சியையே மரத்துப்போகச் செய்யும் என்று சதர்ன் பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். தனிவாழ்வில் ஒழுக்கக்கேடாக நடப்பவர் பொதுப்பொறுப்பில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் கேட்டபோது, 2011இல் வெள்ளைச் சுவிசேஷகரில் 30 சதவீதத்தினரே முடியும் என்றார்கள். 2016இல் 72 சதவீதத்தினர் அப்படிச் சொன்னார்கள். இந்த ஐந்தாண்டுகளில் வேதாகமத்தில் ஒரு வசனமும் மாறவில்லை. மாறியவர் வேட்பாளர்தான்.

கேள்வி: கணக்குப் பார்த்தால் இந்தக் கூட்டணியால் சபைக்கு ஆதாயமா, நட்டமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஆதாயம் இல்லை என்று சொல்ல முடியாது. டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகள் இல்லாமல் 2022 ஜூனில் அந்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு ரத்தாகியிருக்காது. அரை நூற்றாண்டு ஜெபித்தவர்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள்.

ஆனால் அதன்பின் நடந்ததையும் பாருங்கள். குடியரசுக் கட்சியின் 2024 தேர்தல் அறிக்கை, நாடு தழுவிய கருக்கலைப்புத் தடை என்ற பழைய கோரிக்கையைக் கைவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. டிரம்ப்பின் முன்னாள் துணை அதிபரும் சுவிசேஷகருமான மைக் பென்ஸ் வெளிப்படையாக வருந்தினார். வெள்ளைச் சுவிசேஷகரில் பத்தில் எட்டுப் பேர் அப்படியே அதே கட்சிக்கு வாக்களித்தார்கள். எங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டவர்களிடம் எந்தக் கட்சி பேரம் பேசும்?

சபையின் சொந்த ஊழியங்களும் அடிபட்டிருக்கின்றன. ஜார்ஜ் புஷ் 2003இல் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்துக்குச் சுவிசேஷகர்கள் பெருந்துணையாக நின்றார்கள். ஆப்பிரிக்காவில் பல லட்சம் உயிர்களைக் காத்த திட்டம் அது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் ஒரே உத்தரவில் நிறுத்திவைக்கப்பட்டபோது அதுவும் தடுமாறியது. அதே மாதம் அகதிகளை ஏற்கும் திட்டமும் நிறுத்தப்பட்டது. விமான நிலையத்தில் அகதிக் குடும்பத்தை வரவேற்று, வாடகை வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்த ‘வேர்ல்ட் ரிலீஃப்’ என்ற சுவிசேஷக அமைப்பின் வேலை, அந்தச் சபையாரே வாக்களித்து அமர்த்திய ஆட்சியின் கையெழுத்தால் முடங்கியது.

புகழ்பெற்ற சுவிசேஷகப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் இதை முன்பே உணர்ந்தவர். அதிபர் நிக்சனோடு மிக நெருங்கிப் பழகி, அவரைப் பதவியிழக்கச் செய்த வாட்டர்கேட் ஊழலின் ஒலிநாடாக்களின் எழுத்துவடிவைப் படித்து மனம் நொந்தவர் அவர். மத அடிப்படைவாதிகளுக்கும் வலதுசாரி அரசியலுக்கும் திருமணம் நடந்தால் தமக்குக் கலக்கமாக இருக்கும் என்றும், தீவிர வலதுசாரிகளுக்கு மதத்தைத் தங்கள் நோக்கத்துக்கு வளைத்துக்கொள்வதைத் தவிர அதில் வேறு அக்கறை இல்லை என்றும் 1981இல் அவர் எச்சரித்தார். அவர் நிறுவிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் 2019 டிசம்பரில் டிரம்ப்பைப் பதவிநீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியபோது, அவருடைய மகன் பிராங்க்ளின் கிரஹாமே அதைக் கண்டித்தார்.

நட்டத்தில் எது பெரிது என்று கேட்டால், அந்த இதழின் ஆசிரியராகப் பின்னர் பொறுப்பேற்ற ரசல் மூர் 2023இல் சொன்ன செய்தியையே நான் காட்டுவேன். மறு கன்னத்தையும் காட்டு என்ற மலைப்பிரசங்க வசனத்தைச் சொல்லிப் பிரசங்கித்த போதகர்களிடம், ஆராதனை முடிந்ததும் சபையார் வந்து, இந்த இடதுசாரிப் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இயேசு கிறிஸ்துவின் வார்த்தையைத்தானே சொன்னேன் என்று போதகர் விளக்கியபோதும் கேட்டவர்கள் வெட்கப்படவில்லை. இந்தக் காலத்துக்கு அது சரிப்படாது, அது பலவீனம் என்று பதில் சொன்னார்களாம்.