கல்லாவில் உட்கார வைக்கப்பட்ட தம்பி

அன்புள்ள ஐயா,

பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா தொடங்கிய ஹார்டுவேர் கடை எங்களுடையது. ஜிஎஸ்டி கணக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன். கடைக்கு வருகிறேன் என்றால், “பேங்க் பரீட்சைக்குப் படி” என்கிறார். கடையே பிடிக்காத தம்பியைக் கல்லாவில் உட்கார வைக்கிறார். பெண்களுக்குப் பிறவியிலேயே தொழிலில் ஆர்வம் குறைவு என்று வகுப்பில் பேராசிரியர் சொன்னார். உண்மையா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

சொந்தத் தொழில் செய்ய ஆசையா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவுதான். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாகச் சொல்வார்கள். பல நாட்டு ஆய்வுகளும் இப்படித்தான் காட்டுகின்றன. பிறவியிலேயே வருவது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

செட்டிநாட்டு வட்டிக்கடைகள் பர்மாவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மீசை முளைக்காத பையனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்ப்பார்கள். ஏவிய வேலை செய்து, கணக்கெழுதிப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக வேண்டும். உனக்கு ஆர்வம் உண்டா என்று யார் கேட்டார்கள்? அதே வீட்டு ஆச்சிகளும் சீர்ப்பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கியவர்கள்தான். ரங்கூனுக்குக் கப்பலேறியது மட்டும் பையன்கள்.

உங்கள் கடையையே எடுங்கள். எந்தக் கொத்தனாரை நம்பிக் கடன் கொடுக்கலாம், எந்த கான்ட்ராக்டர் “பில் பாஸாகட்டும்” என்று இழுப்பார், கம்பி விலை ஏறுமுன் யாரிடம் சரக்கு எடுப்பது, எல்லாம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருக்கும் தம்பியின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உங்களிடம் வருவது பில் கட்டு மட்டும். உங்களுக்குக் கணக்கு தெரியும், ஆட்களைத் தெரியாது. வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஆட்கள்தான்.

2013-14 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 5.85 கோடி தொழில் நிறுவனங்களில் சுமார் 80 லட்சம் பெண்களுடையவை. மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கே அதிகப் பங்கு. ஆனால் பெரும்பாலானவை சம்பளத்துக்கு ஆள் வைக்காதவை. வீட்டுக் கஷ்டத்துக்காகப் பெண் இட்லிக் கடை போட்டால் ஆர்வத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிதாக்கக் கடன் கேட்கும்போதுதான் பத்திரம் யார் பேரில் என்ற கேள்வி வரும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. ஆனால் அப்பா சுயமாகச் சம்பாதித்த கடையை அவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். இந்துக் குடும்பத்தில், உயில் இல்லாவிட்டால்தான் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

அதனால் இப்போதே பேசுங்கள். கல்லாவைக் கேட்டால் அப்பா மிரள்வார். அடுத்த கொள்முதலுக்குக் கூட வருகிறேன், பாக்கி வசூலுக்கு நான் போன் போடுகிறேன் என்று ஆரம்பியுங்கள். தம்பியிடமும் பேசுங்கள், அவனும் மாட்டிக்கொண்டவன்தான். பேராசிரியரிடம் மட்டும் இப்போது வாதாட வேண்டாம், இன்டர்னல் மார்க் பாக்கியிருக்கும்.