விரலால் திறந்த வால்வு

அன்புள்ள ஐயா,

வேலூர் இதய அறுவை மருத்துவர் டாக்டர் என். கோபிநாத் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 1968ல் என் அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி.யில் இதய ஆபரேஷன் நடந்தது. “டாக்டர் நெஞ்சுக்குள்ள விரலை விட்டு வால்வைத் திறந்தாரு” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் நம்பவில்லை. அப்படி ஒன்று உண்டா?

சரவணன், குடியாத்தம்

அன்புள்ள சரவணன்,

உண்டு. அம்மா சொன்னது அப்படியே உண்மை. இடது மார்புக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி ஒரு தழும்பு போயிருக்குமே, நினைத்துப் பாருங்கள்.

இந்த நோய் இப்படித்தான் தொடங்கும்: சிறுவயதில் சிலருக்குத் தொண்டைப் புண் வரும். அப்புறம் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். மூட்டு சரியாகிவிடும், இதயத்தில் வடு நின்றுவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வழி சுருங்க, ரத்தம் நுரையீரலில் தேங்கும். நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். பிள்ளை உண்டான பெண்களுக்கு உயிருக்கே ஆபத்து.

அந்தக் காலத்து விரல் ஆபரேஷனில் மார்பைத்தான் திறப்பார்கள், இதயத்தை நிறுத்துவதில்லை. இடது மேலறையில் காதுமடல் மாதிரி ஒரு நீட்சி உண்டு. அதைச் சுற்றிச் சுருக்குத் தையல் போட்டு, நுனியை வெட்டி, துடிக்கும் இதயத்துக்குள் ஆள்காட்டி விரலை விடுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல்நுனியால் தடவித்தான் ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும். விரலுக்கு மசியாவிட்டால் கீழறை வழியாக ஒரு விரிப்பானை நுழைத்து, உள்ளிருக்கும் விரலாலேயே அதற்கு வழிகாட்டுவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கிழிந்தாலும் ரத்தம் பின்னோக்கிப் பாயும். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

1925லேயே லண்டனில் ஹென்றி சூட்டர் இதைச் செய்தார். நோயாளி பிழைத்தும், இரண்டாவது நோயாளியை யாரும் அவரிடம் அனுப்பவில்லை. 1948ல் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி மறுபடி செய்து காட்டினார். அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவை மருத்துவராக வேலூருக்கு வந்ததும் அதே 1948ல்தான். அவரிடம் பயின்றவர் கோபிநாத்.

என் கட்டுரையில் 1962ல் கோபிநாத் செய்த திறந்த இதய அறுவையைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் வந்தபிறகு அது குறையாகப் படுகிறது. திறந்த அறுவையில் இதயத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும் அந்தக் காலத்து இதய-நுரையீரல் மெஷினை நிரப்பவே பாட்டில் பாட்டிலாக ரத்தம் வேண்டும். விரல் ஆபரேஷனுக்கு அந்த மெஷினே வேண்டாம். ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கைக்கெட்டிய சிகிச்சை அதுதான். 1956 முதல் 1980 வரை இதைச் செய்துகொண்ட 3,724 பேரின் விவரத்தை, வேலூர் டாக்டர் ஸ்டான்லி ஜானும் சக மருத்துவர்களும் 1983ல் வெளியிட்டார்கள். முதலாவது ஆபரேஷனைச் செய்தவரை முன்னோடி என்கிறோம். மூவாயிரமாவது ஆபரேஷனை அதே கவனத்தோடு செய்தவரும் எனக்கு முன்னோடிதான்.

அந்த 3,724 பேரில் உங்கள் அம்மாவும் ஒருவராக இருப்பார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ‘குளோஸ்டு மைட்ரல் வால்வாட்டமி’ என்று இருந்தால் அது இதேதான். நம்பாத எல்லோருக்கும் காட்டுங்கள்.