ஏமாற்றியவர் உபயகாரராக முன்னால் நிற்கும் கோவிலில் எப்படிக் கும்பிடுவது?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்யிறம். காலபோக நெல்லை வாங்கினவர் காசு தராமல் ஏமாத்திப்போட்டார். எங்களுக்குக் கடன், அவருக்கு மாடிவீடு. திருவிழாச் செலவைப் பொறுப்பெடுத்து உபயகாரராய் முன்னால நிக்கிறதும் அவர்தான். இதைப் பாத்துக்கொண்டு எப்படிக் கும்பிடுறது? நம்பிக்கையே விட்டுப்போகுது.

பதில்: முதலில் காசு அலுவல். எழுத்தில்லாமல் விற்றுக் கொடுத்த பொருளின் காசுக்கு வழக்குப் போட ஒரு வருடம்தான் தவணை, எழுத்தில் உடன்படிக்கை இருந்தால் 6 வருடம். அதற்குப் பிறகு வழக்குப் போடுவது கடினம். பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு ஒரு முறைப்பாடு கொடுங்கள். நெல் ஏற்றிய திகதி, மூட்டைக் கணக்கு, நிறுத்த துண்டு, தொலைபேசிச் செய்தி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். "அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா" என்று இருந்து தவணை தவறவிட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். அம்மாளாச்சி என்று நாங்கள் கும்பிடும் கண்ணகியே வழக்குப் பேசப் போனவள்தானே.

இனிக் கும்பிடும் விசயம். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோவிலில் இருக்கும் அந்தக் கண்ணகி யார் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். அரசன் தீர விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பில் புருசனைப் பறிகொடுத்தவள். சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குப் போய், அரசனின் முகத்துக்கு நேரே கேட்டவள். மதுரை எரிந்த பிறகு ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்று ஊரில் சொல்வார்கள். வைகாசி விசாகப் பொங்கலுக்காகக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, நந்திக்கடல் கரைக்கு இத்தனை சனம் திரள்வது நீதி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணிடம்தான். ஆகவே மனக்குறையோடு கோவிலுக்குப் போவது பிழை என்று வன்னியில் யாரும் உங்களுக்குச் சொல்லமுடியாது.

சுந்தரரையும் பாருங்கள். இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒன்று கிடைத்து, மற்றதற்காகத் திருவாரூரில் நின்று பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 95ஆவது. "வாழ்ந்து போதீரே" என்று திரும்பத் திரும்ப வரும். எங்கள் பேச்சில் சொன்னால், "நல்லா இருங்கோ சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற கோபம் அது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியவர் அவர்தான் என்பது வேறு கதை. அந்தக் கோபத்தைச் சைவம் ஒளிக்கவில்லை. திருமுறையில் சேர்த்து, பண்ணோடு பாடச் சொல்லியிருக்கிறது.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். திருவிழா நாட்களை இந்த வருடம் விட்டுவிடுங்கள். உபயகாரர், பரிவட்டம், ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பு எல்லாம் அன்றைக்குத்தான். புண்ணில் உப்புப் பூசத் தேவையில்லை. சாதாரணக் கிழமையில் ஒரு மாலைப் பூசையைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை ஐயரிடம் கேட்டு, கால் மணித்தியாலம் முந்திப் போங்கள். கிழமைக்கு ஒருநாள் போதும், ஆனால் அதே நாள். பூசை தொடங்க முதல் ஒரு மூலையில் இருந்து, நடந்ததை நடந்தபடி மனசுக்குள் சொல்லுங்கள்: எத்தனை மூட்டை, எவ்வளவு காசு, யார், என்ன சொல்லி ஏமாற்றினார். அழகான சொல் தேட வேண்டாம். "அவனை அழித்துவிடு" என்று வாயில் வந்தால் அதையும் சொல்லுங்கள். விழுங்கிவிட்டு நல்லபிள்ளை போலத் தேவாரம் பாடினால் அது தொண்டையோடு நின்றுவிடும்.

பிறகு பூசை முடியும்வரை நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். அர்ச்சனைத் துண்டு எடுத்து, பெயர் நட்சத்திரம் சொல்லி, தீபம் காட்டியதும் திருநீறு வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுகிறோம். அர்ச்சனை உங்கள் பெயருக்கு மட்டும் நடப்பது. அதோடு வீட்டுக்குப் போனால் கொண்டுவந்த கணக்கை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறீர்கள். தீபாராதனைக்குப் பிறகு பஞ்சபுராணம் ஓதுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். பல இடங்களில் திருப்புகழும் சேர்ப்பார்கள். கடைசியில் கந்தபுராணத்து வாழ்த்து, "வான்முகில் வழாது பெய்க".

அந்த நாலு வரியைப் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கிவிட்டதால் நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. மழை பெய்யட்டும் என்று தொடங்குகிறது. வயல் செய்கிறவருக்கு அதன் பொருள் விளக்கத் தேவையில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் உங்கள் வரம்புக்குள்ளும் தண்ணீர், அவர் வரம்புக்குள்ளும் தண்ணீர். அடுத்ததாக, மன்னன் முறைதவறாமல் அரசு செய்யவேண்டும் என்று வருகிறது. உங்கள் முறைப்பாடு அங்கே இருக்கிறது, ஊர் முழுவதின் குரலில். உடனே "குறைவிலாது உயிர்கள் வாழ்க". அந்த உயிர்களுக்குள் அவரும் வருகிறார். முதல் கிழமை அந்த இடத்தில் வாய் வராது. வராவிட்டால் பாடாமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், பொய்யாகப் பாடவேண்டாம். அவரை மன்னிக்கச் சொல்லி அந்தப் பாட்டுக் கேட்கவில்லை. நீங்கள், அவர், மாடிவீடு மூன்றும் மட்டும் இருந்த உலகத்துக்குள் மழையும் அரசும் மற்ற உயிர்களும் வந்து சேருகின்றன, அவ்வளவுதான். நெருக்கிக்கொண்டிருந்த ஆள் கொஞ்சம் சின்னதாகத் தெரிவார். கடன் தொகை மாறாது.

நீங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்றால் உங்களுக்குச் சங்கீதம் 73 இருக்கிறது, கத்தோலிக்கருக்குத் திருப்பாடல் 73. ஆசாப்பின் பெயரில் உள்ளது. ஆலயப் பாடகர் குழுவின் தலைவனே "கெட்டவன் கொழுத்துத் திரிகிறான், நான் கை கழுவிச் சுத்தமாக இருந்தது வீண்" என்கிறான். 28 வசனங்களில் 17ஆவதில்தான், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான், பேச்சுத் திரும்புகிறது. அதுவரை வந்த முறைப்பாட்டை யாரும் வெட்டி எறியவில்லை. 17க்குத் தாவாமல் முதலிலிருந்து சத்தமாக வாசியுங்கள். பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு முடியுமுன் வெளியே வந்து நிற்கவும் வேண்டாம். சைவக் கோவிலில் வாழ்த்து செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது.

கோவிலுக்குப் போனால் ஒரு தீங்கும் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். யுத்த காலத்தில், 1999 நவம்பரில், மடு மாதா கோவிலில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேலேயே செல் விழுந்தது. 2008 ஏப்ரலில் மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பி வந்தது. ஆவணித் திருவிழாவுக்கு இன்றைக்கும் போகிற வன்னிச் சனம் இதை மறந்துபோய்ப் போகவில்லை.

முற்பிறப்பு வினை என்று ஆறுதல் சொல்ல வருவார்கள். வினை என்பது அவரவர் தன்னைத் தானே எண்ணிப்பார்க்கச் சொன்னது. அழுகிறவன் தலையில் அடுத்தவர் தூக்கி வைப்பதற்கில்லை. எழும்பி வந்துவிடுங்கள்.

நேர்த்தி வைப்பதில் கவனம். "காசு வந்தால் தூக்குக் காவடி" என்று வைத்தால், வராத ஒவ்வொரு மாதமும் சாமியும் உங்களுக்குக் கடன்காரர் ஆகிவிடுவார், கோபம் இரட்டிக்கும். கடன் வாங்கிச் செய்யும் நேர்த்தி இன்னும் மோசம். கையில் உள்ளதைக் கொண்டு, எதுவும் கேட்காமல், ஒரு பொங்கல் பொங்குங்கள். இரண்டு சுண்டு பச்சரிசி, அரைச் சுண்டு வறுத்த பயறு, ஒரு தேங்காய், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை. அவசரப்பட்டு முந்திப் போட்டால் அரிசி விறைத்துப்போய், எவ்வளவு எரித்தாலும் வேகாது. பத்துப் பேருக்குக் காணும். அங்கே நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவருடைய பிள்ளை கை நீட்டினால் அதுக்கும்தான்.

இதுவும் முடியாத அளவுக்கு மனம் விட்டுப்போயிருந்தால், ஏ9 வீதியால் போகும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்குங்கள். பஸ் எப்படியும் நிற்கும். ஒரு தேங்காய், ஒரு கட்டிக் கற்பூரம். அங்கே உபயகாரர் வரிசை என்று ஒன்றில்லை. சாரதியும் நடத்துனரும் காரில் வந்தவரும் ஒரே இடத்தில்தான் தேங்காய் உடைக்கிறார்கள். நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டு, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு, ஹோர்ன் அடிக்க முதல் ஏறிவிடலாம்.