16 ஜிபி ரேம் போட்டால் மடிக்கணினி வேகமாகுமா?

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினி 2021இல் வாங்கியது. 8 ஜிபி ரேம். இணைய வகுப்பில் இருந்துகொண்டே நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் அசையாமல் நின்றுவிடுகிறது. பழைய ரேமைக் கழற்றிவிட்டு 16 ஜிபி போடச் சொல்கிறது ஒரு கடை. கழற்றியதை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். சம்மதிக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கழற்றியதைக் கடை வைத்துக்கொள்வதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். கடைக்கு வேண்டுமென்றால் ஒரு விலை போட்டுக் கட்டணத்தில் கழிக்கட்டும்.

அதைக் கழற்றத்தான் வேண்டுமா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். வழக்கம்போல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைப் பாருங்கள். திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமைத்தான் அது காட்டும். பயன்பாடு 90 விழுக்காட்டை ஒட்டியே நின்றால் குறை ரேமில்தான். பாதி அளவிலேயே இருந்து, ‘டிஸ்க்’ மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால், உள்ளே சுழலும் பழைய வகை வன்தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகத்தைப் போடுவதுதான் பலன் தரும்; ரேமுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

‘மெமரி’ பக்கத்திலேயே ரேம் செருகும் ஸ்லாட்டுகள் எத்தனை, எத்தனை பயனில் உள்ளன என்றும் இருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு 8 ஜிபி துண்டு வாங்கிச் செருகினால் போதும். பழையதும் அங்கேயே இருக்கும், செலவும் குறையும், இரண்டும் இணைந்து இயங்குவதால் வேகமும் சற்றுக் கூடும். ஆனால் இந்தத் தகவலை முழுமையாக நம்பிவிட வேண்டாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றவே முடியாது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது. வெட்டுக்குறி இருக்கும் இடமே வேறு. வேகம் வேறுபட்ட இரண்டு துண்டுகளைப் போட்டால் வேகமானதும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். அதிக வேகத்துக்கென்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை கடைக்காரரை மட்டும் குறைசொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. லோயாட் பிளாசாவில் ஏறி இறங்கி நான்கு கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்குக் கடை வித்தியாசம் தெரியும். கணினியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்ற கவலை நான்கைந்து ஆண்டான கணினிக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

கேள்வி: வாங்கிய ரேமைப் போட்டதிலிருந்து கணினி நீலத்திரை காட்டி அணைகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டிக் கடை கைவிரிக்கிறது.
– வாசகர், கெப்போங்

பதில்: அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ரசீதில் ஒரு வரி அச்சடித்துப் பறிக்க முடியாது. பழுதான பொருளைச் சரிசெய்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்குமுன், புதிய துண்டைக் கழற்றிவிட்டுப் பழையதோடு மட்டும் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நீலத்திரை அப்போதும் வந்தால் குற்றம் புதிய ரேமில் இல்லை.